டீச்சர் என்ன சொல்லுதாக?

கலைச்செல்விக்குத் தமிழ் பேச ஆள் கிடைத்தது அந்த வருஷம் ஜூன் மாதத்தில்தான். அதற்கு முன் பத்து வருஷத்துக்கும் மேலாகத் திருவனந்தபுரத்தில் வீட்டுக்கு வெளியே அவள் வாயைத் திறந்தால் மலையாளம்தான் வரும். அவள் வேலை பார்த்தது சாலை பஜாரில் ஒரு ஜவுளிக் கடை. முதலாளி வன்னியபெருமாள் அண்ணாச்சி விருதுநகர்க்காரர். இருந்தாலும் கடையில் ஒரு சட்டம் வைத்திருந்தார். கீழ்த்தளத்தில் தமிழ் கூடாது. "தமிழ் காதுல விழுந்துச்சுன்னா பாதி வெலைக்குக் கேப்பாக" என்பார்.

வீட்டில் புருஷன் தங்கபாண்டி. சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். பகல் முழுக்க லோடுக்காரர்களோடு கத்திவிட்டு வருவான். வீட்டில் "சோறு", "சார்ஜர்" என்ற இரண்டு சொல்லோடு நாள் முடிந்துவிடும்.

மகள் லிபி ஆறாம் வகுப்பு. அந்தப் பெயரே யோசித்து வைத்தது. காதில் கேட்டால் எந்த ஊர்ப் பிள்ளை என்று தெரியக் கூடாது. ஒன்றாம் வகுப்பில் எவனோ அவளைப் "பாண்டி" என்று கூப்பிட்டுவிட்டான். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களை மட்டமாகச் சொல்ல இங்கே உள்ள சொல் அது. அழுதுகொண்டு வந்த பிள்ளையிடம் கலைச்செல்வி, "இனி வெளிய தமிழ் பேசாத. பள்ளிக்கூடத்து வாசல்ல என்கிட்டயும் பேசாத" என்றாள். பிள்ளை அப்படியே கேட்டுக்கொண்டது. கொஞ்ச நாளில் பாண்டி என்று யாரும் கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் லிபி வீட்டுக்குள்ளும் தமிழை விட்டுவிட்டாள். அம்மா தமிழில் கேட்பாள், மகள் மலையாளத்தில் பதில் சொல்வாள். அதுவும் பாதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டு.

ஜூனில் வடிவம்மாள் வந்தாள். அவள் புருஷன் லிங்கம் கான்கிரீட் வேலைக்காரன். மலையாளம் ஒரு சொல் தெரியாது என்பதால் அண்ணாச்சி அவளை மாடியில் குடோனில் போட்டார். பேல் என்கிற துணிக்கட்டைப் பிரிப்பது, நைட்டிகளை மடித்து அடுக்குவது, விலைச் சீட்டு ஒட்டுவது. முதல் நாள் சரக்கு எடுக்க மாடிக்குப் போன கலைச்செல்வியிடம் அவள் நேராகக் கேட்டாள்.

"நீங்க எந்தப் பக்கம்?"

"கயத்தாறு."

"ஆத்தாடி! நான் கடம்பூரு. எங்க பெரியம்மா மகள ஒங்க ஊர்லதான் குடுத்திருக்கு. ரைஸ்மில்லுக்குப் பின்னால."

"ரைஸ்மில் பின்னால எங்க சித்தப்பா வீடுண்டு."

"ஒங்க சித்தப்பா பேரென்ன?"

கேட்டுவிட்டு விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். "அப்ப நீங்க எனக்கு மதினி" என்று முடித்தாள். கணக்கில் ரெண்டு இடத்தில் ஓட்டை இருந்தது கலைச்செல்விக்குத் தெரிந்தது. அவள் சுட்டிக்காட்டவில்லை. மதினி என்று அவளை யாரும் கூப்பிட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து மத்தியானச் சோறு மாடியில். துணிப் பேல்மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் டப்பாவைத் திறப்பார்கள். உலகத்தை மாற்றுகிற பேச்சு ஒன்றும் இல்லை. லிங்கத்தின் கால்வலி, குறட்டை, யார் மகள் யாரோடு போய்விட்டாள், இந்த ஊர் அரிசி ஏன் இவ்வளவு குண்டு. "என்ன மதினி, தமிழும் ஒங்களுக்கு மூக்கு வழியாத்தான் வருது" என்று வடிவம்மாள் கேலி செய்வாள். "பின்ன? இவிட வந்து இருந்து பாரு, உனக்கும் வரும்" என்பாள் கலைச்செல்வி. கீழே இறங்கி வரும்போது நிறைந்திருப்பது வயிறு மட்டுமாக இருக்காது. காலையில் எழுந்ததும் மத்தியானத்தை நினைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் எதற்காகவும் அப்படிக் காத்திருந்ததில்லை.

வடிவம்மாளின் மகள் செண்பகவல்லிக்கும் லிபி வயதுதான். கலைச்செல்வியே கூட நின்று கோட்டைப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்தில் லிபியின் வகுப்பிலேயே சேர்த்துவிட்டாள். "நம்ம லிபி இருக்கா. பாத்துக்குவா" என்றாள். லிபியிடமும் சொன்னாள். லிபி "ம்" என்றாள்.

ஒரு நாள் சோறு தின்னும்போது வடிவம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து செண்பகம் ராத்திரியில் பாயை நனைத்துவிடுகிறாள். "பதினோரு வயசுக் கழுத! விடியமுன்ன எந்திரிச்சு, வீட்டுக்காரம்மா பாக்கமுன்ன பாயக் கழுவிக் காயப்போட வேண்டியிருக்கு மதினி. யாருகிட்டப் போயிச் சொல்ல?" சொல்லும்போதே அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கலைச்செல்வியும் சிரித்தாள். தன் தம்பி எட்டாம் வகுப்பு வரைக்கும் நனைத்த கதையைச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் தோசை வார்த்துக்கொண்டே அதைத் தங்கபாண்டியிடமும் சொன்னாள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அவளிடம் சொல்ல ஒரு கதை இருந்தது, அதைத் தமிழில் சொல்ல முடிந்தது, கேட்க ஆள் இருந்தது. வடிவம்மாள் கையை ஆட்டிச் சொன்ன மாதிரியே சொல்லிக்காட்டினாள். தங்கபாண்டி வாய்விட்டுச் சிரித்தான். தட்டோடு உட்கார்ந்திருந்த லிபி தலையைத் தூக்கினாள்.

"ஆரு? செண்பகமோ?"

"ஆமா. வெளிய சொல்லிராத" என்றாள் கலைச்செல்வி, இன்னொரு தோசையைத் திருப்பிப் போட்டபடி. மகள் பேச்சில் கலந்துகொண்டதே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஓண லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம் வடிவம்மாள் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"செண்பகம் பள்ளிக்கூடம் போகமாட்டேங்கா மதினி. ரெண்டு நாளா சொவரப் பாத்துப் படுத்துக் கெடக்கா. நேத்து அடிச்சுக் கேட்டப்பதான் சொன்னா. கைப்புள்ளைக்குப் போடுவாகள்ல, டயப்பர், அத வாங்கிட்டு வந்து அவ பெஞ்சுல விரிச்சு வச்சிருக்காளுக. இவ உள்ள நொழைஞ்சதும் எல்லாப் பிள்ளைகளும் மூக்கப் பொத்திக்கிடுதுகளாம். பக்கத்துல ஒருத்தி ஒக்காரமாட்டேங்காளாம்."

கலைச்செல்விக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அந்த மலையாளத்துப் பிள்ளைகளுக்கு இது எப்படித் தெரியும் சொல்லுங்க? ஒங்களத் தவிர ஒரு ஈ காக்காகிட்ட நான் சொன்னதில்ல. இந்த மூதிதான் எவகிட்டயோ ஒளறியிருக்கு. சிநேகிதம் புடிக்கணும்னு சொல்லியிருக்கும். 'ஏட்டி, இதையா போயி வெளிய சொல்லுவ'ன்னு ரெண்டு அறை விட்டேன். வாயே தொறக்கல. நாந்தான் சொன்னேன்னும் சொல்லல, சொல்லலன்னும் சொல்லல."

'ஒங்களத் தவிர' என்ற சொல்லை வடிவம்மாள் எந்தச் சந்தேகமும் இல்லாமல்தான் சொன்னாள். அப்போதே சொல்லியிருக்கலாம். "நாந்தான் வடிவு" என்றால் முடிந்தது. கலைச்செல்வி சொல்லவில்லை. "சாப்பிடு மொதல்ல" என்றாள்.

சாயங்காலம் லிபி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக் கழற்றுவதற்குள் அவள் கேட்டாள். லிபி முதலில் தெரியாது என்றாள். பிறகு, டயப்பர் தான் வாங்கவில்லை என்றாள்.

"யாரு வாங்கினான்னு கேக்கல. யாரு சொன்னா?"

"அம்மதன்னெயல்லே பறஞ்சது!" அம்மாதானே சொன்னது என்கிறாள்.

கலைச்செல்வி கன்னத்தில் ஒன்று வைத்தாள். லிபி அழவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு கத்தினாள். பாதி மலையாளம், பாதி தமிழ். எத்தனையோ நாளுக்குப் பிறகு மகள் வாயிலிருந்து தமிழ் வந்தது அன்றைக்குத்தான்.

"செண்பகம் கிளாஸ்ல எல்லார் முன்னாலயும் 'ஏ லிபி, இங்க வாட்டி'ன்னு விளிச்சா. தமிழ்ல! எல்லாரும் என்ன நோக்கினாங்க. நீயும் பாண்டியான்னு ஆர்யா கேட்டா. நான் எந்து செய்யும்? அவள எல்லாரும் சிரிச்சா என்னை ஆரும் கேக்க மாட்டாங்க. நீங்கதான் சொன்னது, வெளிய தமிழ் வேண்டான்னு!"

கலைச்செல்வி அடித்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். தங்கபாண்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பளகிட்ட ஒண்ணும் சொல்லிக்கிடாத. ஒரே கடையில வேல பாக்கணும்" என்றான். அவன் சொன்னதற்காக இல்லாமல், தனக்கும் அதுவே வேண்டியிருந்ததால் கலைச்செல்வி தலையாட்டினாள். வடிவம்மாள் இல்லாத மத்தியானம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் வடிவம்மாள் வந்து நின்றாள். "மதினி, என்கூடப் பள்ளிக்கூடத்துக்கு வாரீகளா? டீச்சர்கிட்டப் பேசணும். அவுக சொல்லுறது எனக்கு வெளங்காது. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

அண்ணாச்சியிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போனார்கள். செண்பகத்தையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள் வடிவம்மாள். ஒல்லியான பிள்ளை. இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. போகிற வழியெல்லாம் தரையைப் பார்த்தே நடந்தது.

வகுப்பு ஆசிரியை அம்மிணி டீச்சர். ஆசிரியைகள் உட்காரும் அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். வடிவம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். கலைச்செல்வி அதை மலையாளத்தில் சொன்னாள். ஒரு சொல் குறையாமல்தான் சொன்னாள். டயப்பர், மூக்கைப் பொத்தியது, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தது. இன்னொருவர் வீட்டுக் கதை போலச் சொல்ல முடிந்தது அவளுக்கே ஆச்சரியம்.

அம்மிணி டீச்சர் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். அவர் மெதுவாகப் பேசியிருந்தால் வடிவம்மாளுக்குப் பாதியாவது புரிந்திருக்கும். டீச்சர் மெதுவாகப் பேசுகிறவர் இல்லை. கலைச்செல்வியைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், பெயர் எதுவும் சொல்லாமல், கடகடவென்று சொன்னார். பிள்ளைகளைத் தனித்தனியாக விசாரித்தாகிவிட்டது. டயப்பர் கொண்டுவந்தது வேறு பிள்ளை. ஆனால் விஷயத்தைச் சொல்லித் தொடங்கிவைத்தது உங்கள் மகள்தான். நாளைக்கு உங்களைக் கூப்பிடுவதாக இருந்தேன். நீங்களே வந்துவிட்டீர்கள். எனக்குத் தமிழ் வராது. இந்த அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால்தான் மரியாதை. உங்கள் மகளை நான் ஒதுக்கிவைக்கப் போவதில்லை. இரண்டு பேரிடமும் பேச வேண்டும்.

சொல்லிவிட்டு டீச்சர் வடிவம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"டீச்சர் என்ன சொல்லுதாக மதினி?"

வடிவம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கலைச்செல்வியின் வாயையே பார்த்தாள். முழுதாக நம்புகிற பார்வை. இந்த ஊரில் அவளுக்கு வேறு காது கிடையாது.

"அது... விசாரிச்சிட்டிருக்காங்களாம். யாருன்னு கண்டுபிடிச்சிரலாம்னு சொல்றாங்க. ரெண்டு நாள் பொறுத்துக்கச் சொல்றாங்க."

வடிவம்மாளின் முகம் தெளிந்தது. எழுந்து டீச்சரைப் பார்த்துக் கை கூப்பினாள். அம்மிணி டீச்சர் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டார். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி, கலைச்செல்வியிடம் சொன்னார்: எத்ர நல்ல ஸ்த்ரீ! உங்கள்மேல் ஒரு கோபம்கூட இல்லையே.

"இப்ப என்ன சொல்லுதாக?"

"உன்னைய நல்லவன்னு சொல்றாங்க."

செண்பகம் சுவரோரம் நின்றிருந்தாள். ஜூனிலிருந்து இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு இதற்குள் மலையாளம் புரியும். அது கலைச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தது. வெறுப்பாகவாவது பார்த்திருக்கலாம். அதுகூட இல்லை.

வெளியே வந்ததும் வடிவம்மாள் குழாயில் முகம் கழுவப் போனாள். வராந்தாத் தூணருகே கலைச்செல்வி குனிந்து கேட்டாள்.

"டீச்சர் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அத்தை."

"லிபிதான்னு உனக்கு முன்னமே தெரியுமா?"

"ம்."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா லிபிகூடச் சேரவிட மாட்டாங்க."

"அவ உன்கூடச் சேருறாளா?"

"யாருமில்லாதப்ப பேசுவா அத்தை. லைப்ரரிக்குப் பின்னால. ரெண்டு தடவ பேசியிருக்கா. தமிழ்லதான் பேசுவா." அதைச் சொல்லும்போது பிள்ளையின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். "நான் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

வாங்கிய அறை, டயப்பர், மூக்கைப் பொத்திய முப்பது பிள்ளைகள், எல்லாம் ஒரு தட்டில். லைப்ரரிக்குப் பின்னால் இரண்டு தடவை கிடைத்த பேச்சு இன்னொரு தட்டில். இந்தப் பிள்ளைக்கு அந்த இரண்டாவது தட்டுதான் கனம். இதே மாதிரி இன்னும் பத்து வருஷம் தாங்கிக்கொண்டே இருக்கும். கலைச்செல்விக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பயமாக இருந்தது. குடோன் படியில் ஏறும்போது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

வடிவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாங்க மதினி. இன்னைக்கு ஒங்களுக்கு ஒரு டீ வாங்கித்தாரேன். நீங்க மட்டும் இல்லன்னா..."

"வடிவு, நில்லு."

பள்ளிக்கூட வாசலிலேயே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் சொல்லமாட்டாள் என்று தெரியும். டீச்சர் சொன்னது என்ன, தோசை வார்க்கும்போது தான் சொன்னது என்ன, லிபி எங்கே உட்கார்ந்திருந்தாள் என்பது வரைக்கும். பக்கத்தில் பள்ளி வேன் ஒன்று ஹாரன் அடித்தது. அவள் நிறுத்திவிட்டு, ஹாரன் முடிந்ததும் மீதியையும் சொன்னாள். செண்பகம் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

வடிவம்மாள் பிள்ளையின் பிடியிலிருந்து சேலையை விடுவித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"இவள அறைஞ்சேன்னு நான் வந்து சொன்னேனே. அப்ப நீ சோறு தின்னுக்கிட்டு இருந்த."

வடிவம்மாள் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்பவாச்சும் வாயத் தொறந்தியா நீ?"

அவ்வளவுதான். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்துவிட்டாள். பஸ்ஸையும் ஆட்டோவையும் பார்க்காமல் கடந்தாள். கலைச்செல்வி இந்தப் பக்கமே நின்றாள்.

வடிவம்மாள் வேலையை விடவில்லை. விட முடிகிற நிலைமை அவளுக்குக் கிடையாது. சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டாள். கலைச்செல்வி சரக்கு எடுக்கப் போனால் கேட்ட கட்டைத் தூக்கி வைத்துவிட்டு முதுகைக் காட்டுவாள். ஒரு நாள் கலைச்செல்வி வலிய, "லிங்கம் கால்வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். விலைச் சீட்டு ஒட்டும் மிஷினின் டக் டக் சத்தம்தான் பதில்.

பள்ளிக்கூடத்தில் அம்மிணி டீச்சர் இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசினார். வகுப்புக்கும் பேசினார். மூக்கைப் பொத்துவது நின்றது. ஆனால் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. லிபியும் பாண்டிதான் என்று ஆர்யா எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். லிபி இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, எந்த மொழியிலும் சேராத குரலில், "சோறு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கலைச்செல்வி அவளைக் கிளப்பினாள். "செண்பகம் வீட்டுக்குப் போறோம். நீ சொல்ல வேண்டியதச் சொல்லணும்." லிபிக்காகத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை.

அட்டக்குளங்கரைக்குப் பின்னால் ஒரு சந்து. ஒற்றை அறை வீடுகள் வரிசையாக. கதவு திறந்திருந்தது. செண்பகம்தான் முதலில் பார்த்தாள்.

"லிபி!" என்று வாசலுக்கு ஓடி வந்தாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து லிபி ஒரு அடி பின்னால் வைத்தாள். அடிக்க வந்திருந்தால்கூட அவள் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

"சாரி" என்றாள் லிபி. "நான்... நான்தான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது." தமிழில் சொன்னாள். சந்தில் மூன்று வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரவால்ல. நாளைக்கு எம்பக்கத்துல உக்காருவியா? எல்லாரும் இருக்கும்போது?"

லிபி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்த முறை கலைச்செல்வி எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ம்" என்றாள் லிபி. அது உண்மையா என்று மூன்று பேருக்குமே தெரியவில்லை.

அதற்குள் உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு செண்பகத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சாத்திய பிறகுதான் குரல் வந்தது.

"எம்பிள்ள மானத்த தோசையோட சேத்துப் பரிமாறினவளுக்கு இங்க என்ன வேல? எடுபட்டவ! ஒன்னைய மதினின்னு சொன்ன என் வாயில வசம்பத் தேய்க்கணும். புருஷங்கிட்ட நடிச்சுக் காட்டினியோ? நல்லாச் சிரிச்சானா? நாலு பேரக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டியதுதான! கயத்தாத்துக்காரி நாக்கு கயத்தாத்துக்காரி நாக்குதான்னு எங்காத்தா சொன்னா, நாந்தான் கேக்கல..."

குரல் ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு நாள் பூட்டி வைத்திருந்தது எல்லாம் வந்தது. சேலை கட்டுகிற லட்சணம் வந்தது, குழம்பில் புளி போடத் தெரியாதது வந்தது, பிள்ளை வளர்த்த அழகு வந்தது. பக்கத்து வீட்டு மலையாளி அம்மா ஒருத்தி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

லிபி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, போலாம். திட்டுறாங்க."

"இரு" என்றாள் கலைச்செல்வி.

"அம்மா..."

"இருட்டி."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் வடிவம்மாள் மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நிறுத்தினாள். அந்தத் தமிழ் அதோடு முடிந்துவிட்டதோ என்று கலைச்செல்வி பயந்தாள். இன்னும் கொஞ்சம் கதவோரம் நகர்ந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.